முகாமுக்கு யார் யார்

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள். அழுகையாலா, திடீர் வெளிச்சத்தாலா என்று சரித்திர டீச்சருக்குப் பிடிபடவில்லை. ஹிட்லர் ஆட்சியில் யூதர்களை ரயிலில் அடைத்து முகாம்களுக்குக் கொண்டுபோய்க் கொன்றதைச் சொல்லும் படம். சூடு ஆறுவதற்குள் எழுதவைத்துவிட வேண்டும் என்பது டீச்சரின் கணக்கு.

"பாதிப் பேர் முகாமுக்குப் போனவங்களா இருந்து கதை எழுதுங்க. மீதிப் பேர் ஜன்னல் வழியா வேடிக்கை பாத்த பக்கத்து வீட்டுக்காரங்க. நீ முகாம். நீ பக்கத்து வீடு. நீ முகாம்." விரல் தன்பாட்டுக்கு ஓடியது.

மறுநாள் வாசிக்கச் சொன்னபோது முதலில் எழுந்தவள் வாயாடி. வகுப்பு வைத்த பெயர். டீச்சரும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஓயாத அந்த வாய் இன்று தாளைப் பார்த்தே தயங்கியது.

"எங்களை மட்டும் ஏன் பிரித்தார்கள் என்று ரயிலில் யோசித்தேன். சுற்றிப் பார்த்தேன். அப்பா இல்லாதவன் இருந்தான். சித்தி வீட்டில் வளர்கிறவள் இருந்தாள். என் அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவள். அப்போது புரிந்தது. எங்களுக்காக யாரும் வந்து கேட்க மாட்டார்கள்."

டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. முகாம்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். உண்மைதான். போன வருடம் இதே படத்தைப் பார்த்துவிட்டுத் தன் மூத்த மகன் தூங்கவே இல்லை என்று ஒரு வக்கீலம்மா தலைமையாசிரியர் அறையில் குதி குதியென்று குதித்தார். இந்த வருடம் அவருடைய இளையவன் இந்த வகுப்பில்; அவனுக்குப் பக்கத்து வீடு. வம்பு எந்த வீட்டிலிருந்து வராது என்பது யாரும் சொல்லித்தராமலே விரலுக்குத் தெரிந்திருந்தது. எத்தனை வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் தப்பா எழுதிட்டேனா டீச்சர்?"

"இல்லம்மா." நான்தான் தப்புப் பண்ணினேன் என்று சொல்லிவிட வேண்டும். தொண்டை வரை வந்தது. முப்பது முகங்களும் பார்த்துக்கொண்டிருந்தன. டீச்சர் மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்து நேராக வைத்தாள்.

அப்போது வக்கீலம்மாவின் இளைய மகன் எழுந்தான். "டீச்சர், நானும் முகாம் பக்கமே எழுதறேனே."

"உனக்கு வேண்டாம்பா." வாய் முந்திக்கொண்டது.

வாயாடி தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகாம்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. வக்கீலம்மாவின் பையன் மட்டும் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தான்.