வில்லையின் அடிப்பக்கம்

லென்ஸம்மாவுக்கும் அவள் கணவருக்கும் பதினேழு வருடக் குடித்தனத்தில் பெரிய சண்டை என்று வந்தது ஒன்றே ஒன்றுதான். அது பிளாட்டினத்தைப் பற்றியது. இத்தனைக்கும் அவர்கள் வீட்டில் குன்றிமணி அளவு பிளாட்டினம்கூடக் கிடையாது.

இருவரும் ஒரு நிக்கல் சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். வரும் கல்லை உருக்கியும் கரைத்தும், அதில் எந்த உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணாகச் சொல்வது அவர் வேலை. எந்நேரமும் கையில் மூசை எனும் உருக்குக் கிண்ணத்தோடு உலைக்கும் தராசுக்கும் நடந்துகொண்டிருந்ததால் அவருக்கு மூசையார் என்று பெயர் வந்துவிட்டது. அதே கல்லை நுண்ணோக்கியில் பார்த்து, அந்த உலோகம் எந்தக் கனிமத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. லென்ஸம்மா என்ற பெயரும் அதில் வந்ததுதான். இருவருக்கும் நடுவில் மூசையாரின் தங்கை இருந்தாள். கல்லைப் பொடித்து, பிசினில் குழைத்து, வட்ட அச்சில் ஊற்றி, இறுகியபின் தேய்த்து மெருகேற்றி, பெரிய பொத்தானைப் போன்ற வில்லையாக அண்ணியின் மேஜையில் வைப்பவள் அவள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூடத்தில் ஒரு வாரம் தாங்க மாட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. ஒன்பது வருடம் ஓடிவிட்டது. சொன்னவர்கள்தான் வேலை மாறிப் போனார்கள்.

சுரங்கத்துக்கு மேலே ஒரு செம்மேடு இருந்தது. அடியில் இருந்த தாதுவே மேலே தலைகாட்டிய இடத்தில் மழையும் வெயிலும் பட்டு, துருப்பிடித்து, செங்காவி மண்ணாக உதிர்ந்து கிடந்தது. நிக்கலெல்லாம் எப்போதோ கரைந்து போய்விட்டதால் யாரும் அதைச் சீண்டுவதில்லை. லாரி போகும் பாதையில் பள்ளம் விழுந்தால் நாலு கூடை அள்ளிக் கொட்டுவார்கள், அவ்வளவுதான். பாதையை அகலப்படுத்தும் பேச்சு வந்தபோது, எதற்கும் இருக்கட்டும் என்று ஆய்வுக்கூடத் தலைவர் அந்த மண்ணில் ஒரு பையைச் சோதனைக்கு அனுப்பினார்.

மூசையார் அதை ஈயத்தோடு சேர்த்து உருக்கிப் பார்த்தார். டன்னுக்கு ஆறு கிராம் பிளாட்டினம் என்று வந்தது. தன் கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தார். ஆறுதான். மூன்றாம் முறையும் ஆறு. தாளை எடுத்துக்கொண்டு நேராக மனைவியின் அறைக்குப் போனார்.

லென்ஸம்மா இரண்டு வாரம் பார்த்தாள். நாற்பது வில்லைகள். இரும்புத் துருவும் குரோமைட்டும் குவார்ட்ஸும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. பிளாட்டினம் சேர்ந்த கனிமம் ஒரு துகள்கூட இல்லை. அறிக்கையில் ‘காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

‘காணப்படவில்லை’ என்ற சொல் அன்று சாயங்காலம் வீடுவரை கூடவே வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்று அவர் கேட்டார். பூசணிக்காய் இருந்தால்தானே மறைப்பதற்கு என்றாள் அவள். ஆறு கிராம் எங்கிருந்து வந்ததாம் என்றார். அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

“வேற எங்கிருந்து வரும்? உங்க பிளாட்டினம் மூசையிலிருந்துதான் உதிருது.”

மூசையார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவர் நாணயத்தைச் சந்தேகித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பார். மூசையைச் சந்தேகித்ததைப் பொறுக்க முடியவில்லை. இந்தச் சோதனைக்குத் தான் தொட்டதே மண் மூசைதான், பிளாட்டினம் மூசை அலமாரியில் பூட்டிக் கிடந்தது என்று நிதானமாகச் சொன்னார். பிறகு, நாற்பதைத் தாண்டினால் கண்ணைச் சோதித்துக்கொள்வது நல்லது என்பதையும் அதே நிதானத்தோடு சொன்னார்.

அவள் மறுநாளே கண் மருத்துவரிடம் போனாள். பார்வையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை உலைக்கு எதிரே, அவர் கண்ணில் படும்படி ஒட்டிவிட்டு வந்தாள். ஆய்வுக்கூடமே ஒவ்வொருவராக வந்து அதைப் படித்துவிட்டுப் போனது.

தங்கை எந்தப் பக்கமும் சேரவில்லை. அண்ணன் கேட்டால் அண்ணியைக் கேள் என்பாள். அண்ணி கேட்டால் தனக்குத் தேய்க்க மட்டும்தான் தெரியும் என்பாள்.

மூசையார் விடவில்லை. ஒரு மூட்டைச் செம்மண்ணைத் தண்ணீரில் அலசி, லேசானதை எல்லாம் ஓடவிட்டு, கனமான கசடை மட்டும் எடுத்துக் காய வைத்தார். பிளாட்டினக் கனிமம் எதுவானாலும் கனமாகத்தான் இருக்கும். அலசினால் கசடில் கூடும். அப்படியே கூடியது. ஆறாக இருந்தது நானூறாக நின்றது. மீதிக் கசடைத் தங்கையிடம் கொடுத்து, உன் அண்ணிக்கு இதிலும் தெரியவில்லையென்றால் நான் மூசையைத் தலைமுழுகிவிடுகிறேன் என்றார்.

லென்ஸம்மா அந்தக் கசடின் வில்லைகளையும் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இல்லை. இந்த முறை அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. நானூறு என்பது ஒளிந்துகொள்ளக்கூடிய எண் அல்ல. கண் நன்றாக இருக்கிறது, எண்ணும் சரியாக இருக்கிறது. அப்படியானால் வேலைக்கு வந்த பதினெட்டு வருடமாகத் தான் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று யோசித்தபடி, விளக்கை அணைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

நான்காவது வில்லை அவளிடம் வரவே இல்லை. அச்சிலிருந்து கழற்றும்போது தங்கையின் கை தவறிக் கீழே விழுந்து, நட்டுக்குத்தாகப் பிளந்துவிட்டது. அவள் தன்னையே திட்டிக்கொண்டு துண்டுகளைப் பொறுக்கினாள். பிளந்த பக்கம் வெளிச்சத்தில் பட்டபோது அப்படியே நின்றாள். மேலே பிசின் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. நடுவில் துகள்கள் தூவினாற்போல் கிடந்தன. அடியில், ஒரு நூல் கனத்துக்கு, கரேலென்று ஒரு பட்டை. கனமானதெல்லாம் பிசின் இறுகுவதற்குள் கீழே போய் உட்கார்ந்துவிட்டிருக்கிறது.

ஒவ்வொரு வில்லையிலும் அடையாளத்துக்காகப் போடும், எண்ணெழுதிய காகிதச் சீட்டைப் பார்த்தாள். சீட்டு அந்தப் பட்டைக்கும் அடியில், பிசினுக்குள் ஒட்டியிருந்தது. துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு அண்ணியின் அறைக்குப் போனாள்.

“அண்ணி, நாம எப்பவும் மேல்பக்கத்தைத்தானே தேய்ச்சுப் பாக்கறோம்?”

“ஆமா. அடியில சீட்டு இருக்கே.”

“சீட்டை அடியில போடச் சொன்னது யாரு?”

லென்ஸம்மா துண்டை வாங்கி அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்பு, சீட்டுகள் பிசினில் மிதந்து கோணல்மாணலாக ஒட்டிக்கொள்கின்றன என்று சலித்து, அடியில் போட்டுவிடு, அந்தப் பக்கம் நமக்கு வேண்டாம் என்று சொன்னது அவளேதான். சாதாரணக் கல்லுக்கு அதில் ஒரு பாதகமும் இல்லை. வேண்டியது எங்கும் பரவித்தான் கிடக்கும். இந்த மண்ணில் மட்டும் வேண்டியது அத்தனையும் சீட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

இருவரும் தேய்க்கும் அறைக்கு ஓடினார்கள். பிளந்த பக்கத்தையே மேலாக வைத்து, மறுபடி பிசினில் பதித்து, இறுகும்வரை காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் தங்கை நாலு தடவை அறையைப் பெருக்கினாள். பிறகு கரகரப்புத் தாளில் தொடங்கி, வைரப் பொடி தடவிய துணிவரை ஒவ்வொரு படியாக, அவசரப்படாமல் தேய்த்தாள்.

லென்ஸம்மா வில்லையை நுண்ணோக்கியில் வைத்து, அடிப்பட்டையின் ஓரத்தைப் பிடித்து மெல்ல நகர்த்தினாள். சாம்பல் நிற இரும்பு. அதைவிட மங்கலான குரோமைட். மறுபடி இரும்பு. அதற்கு அடுத்து, தும்பைப் பூப்போல வெள்ளை வெளேரென்று ஒன்று.

அவள் கையை எடுத்துவிட்டாள். பிறகு மெதுவாக மறுபடி வைத்தாள். ஓரங்கள் நேராக வெட்டியதுபோல இருந்தன. பக்கத்துத் துகள்களை எல்லாம் தேய்ப்பு கீறியிருந்தது; இதன்மேல் ஒரு கீறல் இல்லை. சுற்றியிருந்தவை தேய்ந்து தாழ்ந்திருக்க, இது சற்றே எழும்பி நின்றது. ஒளியை வடிகட்டும் இரண்டு தகடுகளையும் குறுக்காகப் போட்டு வில்லையைச் சுற்றினாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அசையாமல் இருண்டே கிடந்தது. எத்திசையிலும் ஒரேமாதிரி அடுக்கப்பட்ட, கன சதுரக் குலத்துப் படிகம். பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் மூன்று சேர்ந்தாற்போல்.

“இருக்கா அண்ணி?”

“எண்ணிக்கிட்டு இருக்கேன். பேசாதே.”

பதினொன்று எண்ணினாள். அதற்குமேல் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. கண் மருத்துவர் எழுதித் தந்த சீட்டு ஞாபகம் வந்து, சிரிப்பும் வந்துவிட்டது.

உலை அறைக்குப் போகும் வழியில், எப்படிச் சொல்வது என்று மூன்று விதமாக யோசித்துவைத்திருந்தாள். வாசலில் நின்றதும் மூன்றும் மறந்துபோயின.

“தப்பு என் பேர்லதாங்க. அடிப்பக்கத்தை நான் பாக்கவே இல்லை.”

மூசையார் குத்திக்காட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

“பாக்க எப்படி இருக்கு?”

பதினெட்டு வருடமாகப் பக்கத்து அறையில் இருந்தும் அவர் ஒருநாளும் நுண்ணோக்கியில் கண் வைத்ததில்லை. எண் போதும் என்பவர். முதலில் தன் கண்ணிமை மயிரைத்தான் பார்த்தார். அது என்ன கறுப்பு முள் என்று கேட்க, தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவி அவர் தலையைப் பிடித்துச் சரியான உயரத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு அவர் நுண்ணோக்கியை விடவில்லை. வேறு யாராவது பார்க்க வேண்டுமா என்று கேட்காமலே அங்கேயே இருந்தார்.

பெயரை உறுதி செய்ய வில்லையை வெளியே ஒரு பெரிய கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ஒரு பங்கு பிளாட்டினம், இரண்டு பங்கு ஆர்செனிக். ஸ்பெரிலைட் என்ற அரிய கனிமம். ஆர்செனிக் என்றால் பாஷாணம்தானே என்று கேட்ட தங்கை, பிளாட்டினம் ஒன்று, பாஷாணம் இரண்டு, இப்படியும் ஒரு குடும்பம் என்று சொல்லி அண்ணனையும் அண்ணியையும் மாறிமாறிப் பார்த்தாள். அதில் யார் எது என்று மூசையார் கேட்கத் துணியவில்லை.

தலைவர் பாதை வேலையை அன்றே நிறுத்தினார். தாது துருப்பிடித்து உதிர்ந்தபோது மற்றதெல்லாம் கரைந்தோட, இது மட்டும் எப்படித் தப்பியது என்று கேட்டார். லென்ஸம்மா விளக்கினாள்: மழைக்கு இது கரையாது, இரும்புத் துருவைவிட இரு மடங்கு கனம் என்பதால் எளிதில் அடித்துச் செல்லப்படாது, ஆகவே மேட்டின் சரிவில் நீர் வடியும் ஓடையில் பெரிய படிகங்களே தங்கியிருக்கக்கூடும். ஆனால் நொறுங்கும் குணம் உண்டு. உருண்டு மோதினால் உடையும், அதனால் தொலைவில் தேடிப் பயனில்லை என்றும் சொன்னாள். தலைவர் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு நாள் பூட்டுப் போட்டார்.

எல்லாரும் அகன்ற தட்டுகளோடு ஓடையில் இறங்கினார்கள். கூடத்தில் எடை போடும் தராசுக்காரர் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தார். தலைவர் முதல் கால் மணி நேரத்திலேயே வழுக்கி உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் வசதியாக இருக்கவே அங்கிருந்தே அலசத் தொடங்கினார். தங்கையின் தட்டில் கனமான மண் அழகாக ஒதுங்கியது, வெள்ளையாக ஒன்றும் இல்லை. லென்ஸம்மாவின் தட்டிலும் இல்லை.

மத்தியானத்துக்குச் சற்று முன்பு, ஓடையின் வளைவிலிருந்து மூசையார் வந்தார். ஓடி வரவில்லை. தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, நிறைகுடம் தூக்குகிறவரைப்போல அடி பார்த்து வைத்து வந்தார். மனைவியின் முன் நின்று தட்டை நீட்டினார். கறுப்பு மணலின் ஓரத்தில் கடுகளவில் ஒன்று, வெள்ளீயம்போல மின்னியது.

அவள் கழுத்தில் தொங்கிய கைலென்ஸை எடுத்துப் பார்த்தாள். உடையாத முழுப் படிகம். ஒரு கன சதுரத்தின் எட்டு மூலைகளையும் யாரோ அளந்து சீவியதுபோல் இருந்தது. வெறும் கண்ணால் இப்படி ஒன்றைப் பார்க்காமலே வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போகிறவர்கள்தான் அதிகம் என்று அவள் சொன்னாள். எல்லாரும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு சுற்றிக் கூடினார்கள்.

“இதை நாளைக்கு வில்லையில பதிச்சு, பாதியாத் தேய்ச்சுடலாம் அண்ணி,” என்றாள் தங்கை.

மூசையார் தட்டைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

“இதை யாரும் தொடக் கூடாது. எவ்வளவு பிளாட்டினம்னு எனக்குத் தெரிய வேண்டாம்.”

அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று யாரும் நினைக்கவில்லை. தராசுக்காரர் இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். லென்ஸம்மா சிரித்தபடி, இதைப் பதிவேட்டில் முழுப் படிகமாகவே எழுதிக்கொள்வதாக வாக்குக் கொடுத்தாள்.

பொழுது சாய்வதற்குள் இன்னும் ஆறு கிடைத்தன. எல்லாம் அதைவிடச் சிறியவை. திரும்பி வரும் வண்டியில் எல்லாரும் ஈரக் காலோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மூசையார் படிகத்தை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபடி, இந்தச் சதுர முகத்துக்கு என்ன பேர், அந்த முக்கோணத்துக்கு என்ன பேர் என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டே வந்தார். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வண்டி நின்ற பிறகும் அவருக்கு இரண்டு முகம் பாக்கி இருந்தது. தங்கை அவர்கள் இருவரின் பைகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.