பாதி டேங்க்

தில்லைநாயகியின் வாயில் "மாமா" என்ற சொல் இரண்டு பேருக்கு இருந்தது. ஒன்று, தாலி கட்டிய செம்பியனுக்கு. இன்னொன்று, சிதம்பரத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் அவளுடைய அத்தை மகன் உத்திராபதிக்கு. கல்யாணமான நாளிலிருந்து செம்பியன் அந்த இரண்டு மாமாவையும் காதாலேயே எடைபோட்டுக்கொண்டிருந்தான். தன்னைக் கூப்பிடும்போது, "மாமா, அரிசி தீந்துபோச்சு" என்று வரும். உத்திராபதியைப் பற்றிப் பேசும்போது, "மாமா இருந்தா ஒரு நிமிஷத்துல பாத்துடுவாரு" என்று வரும். சொல் ஒன்றுதான். ஆனால் இரண்டாவதில் இனிப்பு ஜாஸ்தி என்று அவனுக்குத் தோன்றும்.

தோன்றுவதற்குக் காரணமும் இருந்தது. உத்திராபதிக்குத்தான் அவளைக் கொடுப்பதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு. இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒரு மனை விஷயமாக வாய்த்தகராறு வந்து, அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் கடலூர் முதுநகரிலிருந்து செம்பியன் பெண் பார்க்கப் போனான். தகராறும் பின்னால் தீர்ந்துவிட்டது, போக்குவரத்தும் வந்துவிட்டது. செம்பியனுக்கு மட்டும் அந்த நின்றுபோன பேச்சு நிற்கவே இல்லை.

அவன் ஓட்டியது ஒரு பழைய டீசல் பிக்கப். இரண்டு கை மாறி அவனிடம் வந்தது. விடியற்காலையில் துறைமுகத்தில் ஐஸ் போட்ட மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் மார்க்கெட்டில் இறக்குவான். கூடவே மீன்காரி சவரியம்மாள் முன் சீட்டில் ஏறிக்கொள்வாள். பெரிய தொண்டை, பெரிய மனசு. வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவாள்.

வண்டி வாங்கிய புதிதில் ஒருநாள் வீட்டு வாசலிலேயே ஸ்டார்ட் ஆகாமல் படுத்துக்கொண்டது. சாவியைத் திருப்பினால் டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செம்பியன் தள்ளிப் பார்த்தான், இரண்டு பேரைக் கூட்டிவந்து இழுத்தும் பார்த்தான். அவனுக்குத் தெரியாமல் தில்லை சிதம்பரத்துக்குப் போன் போட்டுவிட்டாள். உத்திராபதி மோட்டார் பைக்கில் வந்து இறங்கினான். நல்ல உயரம், வெற்றிலை போட்ட வாய். பானெட்டைத் தூக்கிப் பார்த்து, "தில்லை, கொஞ்சம் சுடுதண்ணி கொண்டா" என்றான். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்திருந்ததில் அந்தத் தண்ணீரை ஊற்றி, சுரண்டித் துடைத்து, கிரீஸ் தடவி முடுக்கினான். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது.

"இதுக்காவா மாமா காத்தாலேருந்து அல்லாடுனீங்க?" என்று தில்லை செம்பியனைப் பார்த்துச் சிரித்தாள்.

"பழக்கமில்லாதவங்களுக்கு அப்பிடித்தாம்மா இருக்கும்" என்றான் உத்திராபதி. பிறகு செம்பியனின் தோளைத் தட்டி, "ஒண்ணும் கவலப்படாதீங்க தம்பி. எப்ப வேணும்னாலும் போன் போடுங்க, வந்துடறேன்" என்றான்.

அன்று மத்தியானம் அவனுக்கு வாழையிலை போட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள் தில்லை. சின்ன வயதில் ஏதோ ஒரு வாய்க்காலில் விழுந்த கதையைச் சொல்லி இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். செம்பியனும் சிரித்து வைத்தான். இனி இந்த ஆளின் கை என் வண்டி பானெட்டில் படக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தான்.

மறுவாரமே ஸ்பேனர் செட்டும் ஒரு ஜாக்கியும் வாங்கி வந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், வீட்டுப் பின்பக்கம் பூவரச மரத்தடியில் கோணியை விரித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்துவிடுவான். முதல் தடவை ஆயில் மாற்றும்போது போல்ட்டைக் கழற்றிய வேகத்தில் சூடான ஆயில் முழங்கை வரை வழிந்தது. ஃபேன் பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கி, அது கீச்கீச்சென்று தெருவையே எழுப்பியது. ஆனாலும் விடவில்லை. ரேடியேட்டர் கழுவக் கற்றான், கிரீஸ் அடிக்கக் கற்றான், பிரேக் ஷூ மாற்றக் கற்றான். தெரிந்த டிரைவர்களிடம் கேட்டுக் கேட்டு, கெடுத்துக் கெடுத்து, ஒரு வருஷத்தில் பாதி மெக்கானிக் ஆகிவிட்டான். 2009-இல் முதுநகரில் பாதிப் பேருக்கு, செம்பியன் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்கிறவன் என்று தெரிந்திருந்தது.

தில்லையும் மெச்சத்தான் செய்தாள். பிரேக் மாற்றிய அன்று டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "பரவாயில்லையே! மாமாவும் இப்படித்தான், போல்ட்டு முடுக்கறப்ப நாக்க கடிச்சுக்குவாரு" என்றாள். ஆசையாகச் சொன்னதுதான். செம்பியன் அந்த டீயைக் குடிக்கவில்லை.

அந்த வருஷ மழைக்காலம் முடிந்த சமயத்தில் வண்டிக்கு ஒரு புதுக் கோளாறு வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று மூச்சு வாங்குகிற மாதிரி இழுத்து, இரண்டு குலுக்கு குலுக்கி நின்றுவிடும். டீசல் லைனில் காற்றுப் பிடித்துவிட்டது என்பது செம்பியனுக்குப் புரிந்தது. நட்டைத் தளர்த்தி, கைப்பம்பைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினால் ஸ்டார்ட் ஆகும். கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி நிற்கும். காற்று எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை.

ஃபில்டரை மாற்றினான். சரியாகிவிட்டது என்று பங்க்கில் டேங்க் நிரப்பிக்கொண்டு ஓட்டினான். நான்கைந்து நாள் கழித்து ஆலப்பாக்கத்துக்கிட்டே நின்றது. வாஷர்களை எல்லாம் மாற்றி, டேங்க் நிரப்பி ஓட்டினான். மறுபடி புதுச்சத்திரத்தில் நின்றது. பம்ப்பைக் கழற்றிக் கொடுத்து வேலை பார்த்து மாட்டினான். கொஞ்ச நாள் பொறுத்து அதுவும் பொய்த்தது. ஒவ்வொரு தடவையும் சரியாகிவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, ஒவ்வொரு தடவையும் எண்ணெய்க் கையோடு தலை குனிந்து திரும்பினான்.

"சிதம்பரத்து மாமாவ ஒருவாட்டி பாக்கச் சொல்லலாமா?" என்று தில்லை மெதுவாகக் கேட்டாள்.

"அவன் பேர இந்த வூட்டுல எடுக்காத!" என்று ஸ்பேனரைத் தரையில் அடித்தான் செம்பியன்.

அவள் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலை. செம்பியன் துறைமுகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு தில்லை சொன்னாள்: "மாமா, ஒண்ணு கவனிச்சேன். டீசல் ரொப்புன அன்னைக்கும் மறுநாளும் வண்டி நிக்கறதே இல்ல. டேங்க் பாதிக்குக் கீழ போனாத்தான் நிக்குது. நீங்க ஒவ்வொருவாட்டி ரிப்பேர் பண்ணிட்டும் டேங்க் ரொப்பிடறீங்க, அதனால சரியாயிடுச்சின்னு தோணுது. டேங்குக்கும் பம்புக்கும் நடுவுலதான் எங்கயோ ஓட்ட இருக்கும்."

செம்பியன் அவளையே பார்த்தான். சொன்னது சரி என்று அவன் புத்தி சொல்லியது. அதற்குள் நெஞ்சில் வேறொன்று எரிய ஆரம்பித்திருந்தது. அடுப்படியில் நிற்கிறவளுக்கு டேங்க், பம்ப் எல்லாம் எப்படித் தெரியும்?

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நானேதான்..."

"பொய் சொல்லாத. அவன்கிட்ட போன்ல கேட்டியா? எம்மாம் நாளா பேசிக்கிட்டு இருக்கீங்க?"

தில்லையின் முகம் வெளுத்தது. அவன் கையிலிருந்த டம்ளரை வாங்கி, மீதி டீயை வாசலில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

செம்பியன் வண்டியைக் கிளப்பினான். டீசல் முள் பாதிக்குக் கீழே இருந்தது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பங்க்கைத் தாண்டும்போது வேண்டுமென்றே நிறுத்தவில்லை. உத்திராபதி சொல்லிக்கொடுத்தது பொய்யாகப் போகட்டும், சிதம்பரம் வரைக்கும் நிற்காமல் போய்க் காட்டுகிறேன் என்று வைராக்கியம். போய் இறங்கியதும் நேரே ஷெட்டுக்கே போய் அவனை நாலு கேள்வி கேட்டுவிடுவது என்றும் நினைத்திருந்தான்.

ஆலப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டி மூச்சு வாங்கியது. இரண்டு குலுக்கு. நின்றுவிட்டது.

"ஐயோ மாதாவே, எம் மீனு!" என்று சவரியம்மாள் கத்தினாள். பின்னாலிருந்து ஐஸ் தண்ணீர் ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. இறங்கிவந்து டீசல் முள்ளை எட்டிப் பார்த்தவள் இடுப்பில் கைவைத்தாள். "ஏன்டா செம்பியா, டேங்க் ரொப்பாமலா வந்த? ஒம் பொண்டாட்டி சொல்லல?"

செம்பியன் திரும்பினான். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம? ஒரு மாசமா என்ன புடுங்கி எடுக்கறாளே! எங்க நின்னுச்சு அக்கா, முள்ளு எங்க இருந்துச்சு, என்னைக்கு டீசல் போட்டாரு... நான் மீனு குடுக்க வரும்போதெல்லாம் இதேதான். 'ஏன்டி, ஒம் மச்சான் மெக்கானிக்குதான, அவன கேக்கறதுதான'ன்னேன். 'அவுருகிட்ட கேட்டா இவுரு மனசு சங்கடப்படும் அக்கா, நானே கண்டுபுடிச்சி சொல்லிடறேன்'னா. பைத்தியக்காரி."

செம்பியன் ரோட்டோரப் புளியமரத்து வேர்மேல் உட்கார்ந்துவிட்டான். காலையில் அவள் டீயைக் கொட்டிவிட்டு உள்ளே போனதை இப்போதுதான் பார்ப்பதுபோல இருந்தது.

"குந்திக்கினா மீனு நாறாம இருக்குமா? எழுந்திரு!"

எழுந்தான். சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, டேங்கிலிருந்து ஆரம்பித்தான். இதுவரை அவன் பார்த்ததெல்லாம் எஞ்சின் பக்கம்தான். இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேருகிற இடத்தில் ஒரு கிளாம்ப். அதைச் சுற்றி மட்டும் புழுதி ஈரமாக அப்பிக் கிடந்தது. கிளாம்பைத் தளர்த்தி ஹோஸை வளைத்தான். உதடு பிரிவதுபோல ஒரு வெடிப்பு வாயைத் திறந்தது. டேங்க் நிறைந்திருந்தால் டீசல் தானாகவே வந்து குழாயை அடைத்து நிற்கும். குறைந்ததும் பம்ப் இழுக்கும், டீசலோடு வெடிப்பு வழியாகக் காற்றும் உள்ளே போகும். அவள் சொன்னதேதான்.

வெடித்த நுனியை அறுத்து எறிந்துவிட்டு, நல்ல பாகத்தை உள்ளே தள்ளி கிளாம்பை முடுக்கினான். கைப்பம்பை அமுக்கிக் காற்றை எடுத்தான். வண்டி கிளம்பியது. மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது ஐஸ் பாதி கரைந்து, நல்ல வியாபாரிகள் எல்லாம் வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். சவரியம்மாள் அவனைத் திட்டிக்கொண்டே மிச்சம் இருந்தவர்களிடம் கூவி விற்றாள்.

புது ஹோஸ் மாட்டாமல் திரும்ப மனசில்லை. சண்டை போடப் போக நினைத்த ஷெட்டுக்கு ஹோஸ் கேட்டுப் போனான்.

உத்திராபதி ஹோஸை அளந்து அறுத்துக்கொண்டே விஷயத்தைக் கேட்டான். "தில்லையா கண்டுபுடிச்சா? அவ அப்படித்தான் தம்பி. சின்னதுலயே கெட்டி" என்றான். பிறகு குனிந்தபடியே, "நல்லா இருக்காளா? போன் பண்ணியே ரொம்ப நாளாச்சு" என்றான்.

அந்தக் குரலில் இருந்தது செம்பியனுக்கு விளங்கிவிட்டது. அவன் சந்தேகப்பட்டது முழுக்கவும் கற்பனை இல்லை. ஆனால் அது இந்த ஆளோடு நின்றுபோன விஷயம். அவளிடம் இல்லை.

ஷெட்டை ஒட்டித்தான் வீடு. உத்திராபதியின் மனைவி அஞ்சலை டீ கொண்டுவந்தாள். "இவுருதான் தில்லையோட வூட்டுக்காரரா?" என்று ஏற இறங்கப் பார்த்தாள். "ஒங்க வூட்டுல கருவாட்டுக் கொழம்பு ரொம்ப நல்லா வைப்பாங்களாமே. இந்த வூட்டுல நான் எப்ப வச்சாலும் அந்தப் பேச்சுதான். தில்லை கைப்பக்குவம் வராதாம் எனக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண்ணில் சிரிப்பு இல்லை. டம்ளரை வைத்தபோது டீ தளும்பிச் சிந்தியது. செம்பியனுக்குக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு வருஷமாக பூவரச மரத்தடியில் தான் தின்றுகொண்டிருந்ததை, இந்தப் பெண் இங்கே அடுப்படியில் தின்றுகொண்டிருக்கிறாள்.

"எங்க வூட்டுக் கொழம்புல புளி ஜாஸ்திங்க" என்றான். "இவுரு பசியில சாப்ட்டிருப்பாரு."

அஞ்சலை அவனை நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தடவை உண்மையாகவே கொஞ்சம் சிரித்தாள்.

வீடு திரும்பியபோது தில்லை வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"ஹோஸுதான். டேங்குகிட்ட" என்றான்.

சாம்பலை எடுத்து அழுத்தித் தேய்த்தாள்.

"சவரியம்மா சொல்லுச்சு. நீ கேட்டதெல்லாம்."

"அந்தக்கா சொன்னாத்தான் நம்புவீங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

செம்பியன் பக்கத்தில் வந்து குந்தினான். குடத்தை எடுத்து அவள் துலக்கியதற்குத் தண்ணீர் ஊற்றினான். அவள் தடுக்கவில்லை. நாலைந்து நாள் வீட்டில் சோறு வந்தது, டீ வந்தது, "மாமா" மட்டும் வரவில்லை. அந்தச் சொல் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் கோணியை விரித்து, எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்படிப் பக்கம் பார்த்து, "இந்த வால்வு சத்தம் எனக்குச் சரியா கேக்கல. கொஞ்சம் வந்து கேளேன்" என்றான். வெகு நேரம் கழித்து அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். "இந்தப் பக்கந்தான்" என்று காட்டினாள். அவன் கோணியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமாகத்தான். அவள் சீக்கிரமே கற்றாள், அவனைவிடச் சீக்கிரம். தெருவில் பேச்சும் பரவியது. ஒருநாள் ஷேர் ஆட்டோ ஓட்டும் அந்தோணிசாமி வேலிக்கு வெளியே வந்து நின்றான்.

"அண்ணே, அக்கா இருக்குதா? வண்டி ஒருமாதிரி அடைக்குது. அக்கா வந்து பாத்தா தேவலாம்."

"நான் பாக்கறேனே" என்றான் செம்பியன்.

"இல்லண்ணே..." அந்தோணிசாமி தலையைச் சொறிந்தான். "அக்கா பாத்தா சட்டுனு புடிச்சிடும்னு சொன்னாங்க."

செம்பியனுக்குள் சுருக்கென்று தைத்தது. நன்றாகத் தெரிந்த அதே வலிதான், ஆள் மட்டும் மாறியிருந்தது. அது போகாது என்று அவனுக்குப் புரிந்தது. பிறகு உள்ளே திரும்பி, "தில்லை, ஒன்னத்தான் கேக்கறாங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, ஸ்பேனர் பையைத் தூக்கிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தான்.