பாதாம் இல்லாத டப்பா

"அண்ணி, டப்பா வந்துச்சு."

"நல்லது."

"திறந்து பார்த்தேன்."

"பார்க்கத்தானே குடுத்தனுப்பினேன்."

"பார்த்துட்டுத்தான் பேசுறேன்."

அண்ணி போனை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையில் கட்டைவிரலின் அடிப்பக்கம் விண் விண்ணென்று தெறித்தது. போனைப் பிடிக்கிற வேலைகூட இப்போது அதற்கு அதிகம்.

"ரிப்பன் இருக்கு."

"ஆமா, ரிப்பன்தான்."

"நம்ம வீட்டுக்கு ரிப்பனா அண்ணி?"

"வாயில போட்டா எல்லாம் ஒண்ணுதான்."

"சின்னண்ணிக்கு மரம் போயிருக்கு. காலைல போட்டோ அனுப்பினாங்க."

"அடுப்புல என்னமோ தீயுது, அப்புறம் பேசுறேன்" என்று அண்ணி போனை வைத்தாள். அடுப்பில் எதுவும் இல்லை. அன்று இன்னும் அடுப்பே பற்ற வைக்கவில்லை.

அந்தப் பக்கம் பேசியது நாத்தனார், வீட்டில் எல்லோருக்கும் ஊசி. தையல் கடை வைத்ததால் வந்த பெயர் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். உண்மையில் அது அவள் பேச்சுக்காக வைத்த பெயர். தொழில் பின்னால் வந்து பொருந்திக்கொண்டது.

கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தால் அண்ணி வெண்ணெய் பிஸ்கட் போடுவாள். வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் மைதாவும் சேர்த்துக் குழைத்த மாவை அலுமினியக் குழலுக்குள் அடைத்து, மேலே உள்ள கைப்பிடியைத் திருகினால் அடியில் பூட்டிய துளை வில்லை வழியாக உருவமாகி இறங்கும். கொழுந்தன் வீட்டுக்கு மரம், மகன் வீட்டுக்குப் பூ, ஊசி வீட்டுக்கு நட்சத்திரம். தபால்காரர், மாடி வீட்டுக்காரர், டாக்டரிடம் இருக்கும் நர்ஸ் என்று வெளியாட்களுக்கெல்லாம் ரிப்பன். பட்டையாகப் பிழிந்து கத்தியால் துண்டு போட்டது. எல்லாவற்றின் மேலும் நறுக்கிய பாதாம் உண்டு, நட்சத்திரத்தைத் தவிர. ஊசியின் கணவருக்குப் பாதாம் நாக்கில் பட்டால் உதடு பன்னாய் வீங்கிவிடும். டப்பா மாறிப்போகக் கூடாது என்பதற்காக வந்த உருவங்கள்தான் இவை. "நட்சத்திரம்னா கண்ணை மூடிட்டுச் சாப்பிடலாம்" என்பார் அந்த மனிதர். இந்த வருஷ மழைக்காலத்தில் அவர் போய்விட்டார்.

உருவத்துக்குக் காரணம் இருந்தது மறந்துபோய், அதுவே ஒரு பதவி மாதிரி ஆகிவிட்டது. ரிப்பன் வந்தால் வெளியாள்.

இந்த வருஷம் அண்ணிக்குக் கை போய்விட்டது. டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிசையாதீங்க, பிழியாதீங்க, திருகாதீங்க" என்றார். "அப்ப நான் வீட்டுல என்னதான் பண்றது?" என்று அவள் கேட்டதற்கு அவரிடம் மருந்து இல்லை. திரும்பி வரும்போது கணவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது."

"ஏன், சொன்னா ஆளுங்க உதவிக்கு வருவாங்களே?"

"அதான் பயம். ஆளுக்கொரு தைலத்தோட வருவாங்க. மருமக லீவு போட்டுட்டு வருவா. வர்றவங்களுக்கு டீ போடவும் எனக்குத் தெம்பு இல்லை."

அது ஒரு காரணம்தான். யாராவது ஒருவர் தாமாகவே, "போதும், இந்த வருஷம் விடுங்க" என்று சொல்லமாட்டார்களா என்று அவள் காத்திருந்தாள். கேட்டு வாங்கிய ஓய்வில் படுத்தால் தூக்கம் வராது என்பது அவள் எண்ணம். யாரும் சொல்லவில்லை. "வெண்ணெய் வாங்கியாச்சா அண்ணி?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

தூரத்துக்குப் பார்சலில் போக வேண்டியது என்று மரத்தை முதலில் போட்டாள். பூவும் எப்படியோ முடிந்தது. நட்சத்திரத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. நட்சத்திரத்துக்கு அரைத் திருகு திருகி, அந்தக் கணமே நிறுத்தி, வெடுக்கென்று குழலைத் தூக்க வேண்டும். திருகுவதும் தூக்குவதும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். ரிப்பனுக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை. ஒருவர் திருக, இன்னொருவர் குழலை இழுத்துக்கொண்டே போகலாம். திருகியது கணவர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், வீட்டிலும் தெருவிலும் அவர் பெயர் செக்கர்.

"திருகுங்க."

"திருகிட்டேன்."

"நிறுத்தாதீங்க. இறங்குற ஸ்டாப் இன்னும் வரலை."

அப்படிப் போட்ட ரிப்பன்தான் ஊசி வீட்டுக்குப் போனது.

மத்தியானம் கதவைத் தட்டினாள் ஊசி. கையில் டப்பா. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து கடையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

"உள்ள வா" என்றார் செக்கர்.

"வரலாமா? ரிப்பன் வாங்கினவங்க வாசலோட நிக்கணுமே."

"ரிப்பன் வாங்கினவங்க யாரும் டப்பாவைத் திருப்பிக் கொண்டு வந்ததில்லை. நீதான் முதல்ல."

அண்ணி கூடத்து நாற்காலியில், முக்காலி மேல் காலைப் போட்டுக் கண் மூடியிருந்தாள்.

"அண்ணி, தூங்குறீங்களா?"

"தூங்கினா விட்டுடுவியா?"

"மாட்டேன்."

"அப்ப முழிச்சுத்தான் இருக்கேன். கோவமா?"

"கோவமெல்லாம் பெரிய வார்த்தை. தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்." டப்பாவை மேஜை மேல் வைத்தாள். "அவரு இருந்தவரைக்கும் நட்சத்திரம். அவரு போனதும் மாடி வீட்டுக்காரங்க வரிசையில சேர்த்தாச்சு. சரி, வாயால சொல்லிட்டீங்கன்னா நானும் அதுக்குத் தக்கபடி இருந்துக்குவேன்."

"கை வலிக்குது" என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அதைச் சொல்வதைவிட நட்சத்திரம் போட்டுவிடுவது சுலபம் என்று தோன்றியது அண்ணிக்கு. சோர்ந்துபோனவர்களின் கணக்கு அப்படித்தான் போகும். முக்காலியிலிருந்து காலை இறக்கினாள்.

"நட்சத்திரம்தானே? உட்காரு. மிச்ச மாவு இருக்கு, போட்டுத் தர்றேன்."

"இப்பவேவா?" என்றாள் ஊசி, கொஞ்சம் பதறி. "நான் அதுக்குச் சொல்லலை."

"வேண்டாமே" என்றார் செக்கர்.

"நீங்க சும்மா இருங்க. ஓவனைப் போடுங்க, ட்ரேயை எடுத்து வைங்க."

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவைக் குழலுக்குள் திணித்தாள். கல்லாய் இறுகிய மாவு குழலில் இறங்காது. அதை மற்றவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பவளே அவள்தான். நட்சத்திர வில்லையைப் பூட்டினாள். திருகினாள். அசையவில்லை. இடது கையையும் சேர்த்துப் பிடித்து இன்னொரு முறை திருகியபோது கட்டைவிரலிலிருந்து முழங்கை வரை ஏதோ இழுத்தது. குழல் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. வில்லை தனியே கழன்று, வட்டமடித்துக்கொண்டே போய் ஃபிரிட்ஜின் காலில் முட்டி நின்றது.

அண்ணி கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

"கையைக் காட்டுங்க" என்றாள் ஊசி.

"ஒண்ணுமில்லை."

"காட்டுங்கன்னேன்."

ஊசி அந்தக் கையை வாங்கி, கட்டைவிரலின் அடியில் சரியான இடத்தில் அழுத்தினாள்.

"இங்கேயா?"

"அடிப்பாவி, விடு."

"எப்பலேருந்து?"

"மழைக்கு முன்னாலேருந்தே."

ஊசி தன் வலது கையை நீட்டினாள். கட்டைவிரலைச் சுற்றி லைனிங் துணியின் கிழிசலை இறுக்கிக் கட்டியிருந்தாள். "கத்திரி. லீவு வருதுன்னு ஊரே துணியைக் கொண்டு வந்து கொட்டுது. காலைல எந்திரிச்சா பல் விளக்க முடியலை."

"நீ ஏன் சொல்லலை?"

"நீங்க ஏன் சொல்லலை?"

"என்னைக் கேட்டா..." என்று ஆரம்பித்தார் செக்கர்.

"உங்களை யாரும் கேட்கலை" என்றார்கள் இருவரும்.

அண்ணி சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். "சொன்னா ஆளுக்கொரு தைலம் கொண்டு வருவீங்க."

"நான் கொண்டு வந்திருப்பேன்" என்று ஒப்புக்கொண்டாள் ஊசி. "பையிலேயே இருக்கு. ஒரு பிரயோஜனமும் இல்லை." பிறகு, "அப்ப மரம் மட்டும் எப்படி வந்துச்சு?"

"அது போட்டப்ப கை இருந்துச்சு. நட்சத்திரம் வர்றப்ப தீர்ந்துபோச்சு."

"என் முறை வர்றப்பதான் தீருமா?"

"தூரத்துல இருக்கிறவங்களுக்கு முதல்ல போட்டாகணும். நீ ரெண்டு தெரு தள்ளி இருக்கே. கோவிச்சுக்கிட்டாலும் நடந்து வந்து கோவிப்பே."

"வந்துட்டேன்ல."

"வந்துட்டே."

இதற்குள் மாவு இளகியிருந்தது. செக்கர் குழலையும் வில்லையையும் கழுவித் துடைத்துப் பூட்டி, மாவை மறுபடி அடைத்தார். "நானே போடுறேன். அரைத் திருகு, தூக்கு. அவ்வளவுதானே?"

முதல் நட்சத்திரம் ட்ரேயில் உட்காராமல் குழலோடு சேர்ந்து மேலே வந்தது. இரண்டாவதும் வந்தது. குழலின் அடியில் மாவு தாடி மாதிரி தொங்கியது.

"அண்ணா, ட்ரேயை என்ன பண்ணினீங்க?"

"வெண்ணெய் தடவினேன். ஒட்டக்கூடாதுல்ல?"

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். "ஒட்டணுங்க. மாவு ட்ரேயைப் பிடிச்சாத்தான் குழலை விடும். இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு என்னத்தைப் பார்த்தீங்க?"

"வெந்து வர்றதைத்தான் பார்த்தேன்."

ட்ரேயைத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். இம்முறை மாவு ஒட்டியது. ஊசி குனிந்து பார்த்தாள்.

"இது நட்சத்திரமா, மிதிபட்ட சிலந்தியா?"

"டிக்கெட் கசங்கினாலும் டிக்கெட்தான்" என்று சொல்லி அதை ஓவனுக்குள் தள்ளினார்.

மத்தியானச் சாப்பாடு சாப்பிடாமல் வந்தது ஊசிக்கு அப்போதுதான் வயிற்றில் தெரிந்தது. திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த டப்பாவைத் தானே திறந்து ஒரு ரிப்பனை எடுத்துக் கடித்தாள். மென்றாள். கையில் இருந்த பாதியைத் திருப்பிப் பார்த்தாள். டப்பாவையும் ஒரு தரம் கிளறினாள்.

"பாதாம் இல்லையே அண்ணி."

"உன் வீட்டு டப்பாவுல எப்ப பாதாம் போட்டேன்?"

"இது ரிப்பன். ரிப்பன்னா பாதாம் இருக்கணும்."

"மத்தவங்க ரிப்பன்ல இருக்கு. உன்னோடதுல போடலை."

"எங்க வீட்டுல இப்ப பாதாம் சாப்பிடக்கூடாதவங்க யாரு இருக்கா?"

உண்மையில் அண்ணி அதை நினைத்தே பார்க்கவில்லை.

"தெரியலைடி. உன் டப்பா முறை வந்ததும் பாதாம் கிண்ணத்தை அந்தப் பக்கம் தள்ளி வெச்சேன். அவ்வளவுதான்."

ஊசி மீதிப் பாதியை வாயில் போட்டு, அவசரமில்லாமல் மென்றாள். இன்னொன்று எடுத்தாள். பார்க்கத் தேவையில்லாத ஓவனைச் செக்கர் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு முடியலை ஊசி" என்றாள் அண்ணி.

"பிஸ்கட்டா?"

"பிஸ்கட்டும்தான்."

ஊசி எழுந்தாள். வில்லைகள் வைத்திருக்கும் பழைய டீத்தூள் டப்பாவை மேஜையில் கவிழ்த்தாள். மரம், பூ இரண்டையும் பொறுக்கினாள். குழலிலிருந்து நட்சத்திரத்தையும் கழற்றிக் கழுவினாள். மூன்றையும் கைக்குட்டையில் முடிந்து தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"என்னடி பண்றே?"

"எடுத்துட்டுப் போறேன்."

"எதுக்கு?"

"அடுத்த வருஷம் யாராவது மரம் எங்கே, பூ எங்கேன்னு கேட்டா, வில்லையெல்லாம் ஊசி தூக்கிட்டுப் போயிட்டா, தரமாட்டேங்கிறான்னு சொல்லுங்க. எனக்கு ஏற்கெனவே கெட்ட பேரு. அதுல இன்னொண்ணு கூடினா எடை தெரியாது."

"ரிப்பன்?"

"அது அண்ணாவோட வில்லை. அவருக்குத் தெம்பு இருந்தா திருகட்டும், இல்லைன்னா கடைல வாங்கட்டும். போய் நாற்காலியில உட்காருங்க அண்ணி. ட்ரேயை நாங்க பார்த்துக்கிறோம்."

"உனக்கும் கை..."

"ட்ரேயை இறக்க அண்ணா இருக்காரு. நான் வாயால வேலை வாங்குவேன். அது இன்னும் நோகலை."

அண்ணி கூடத்துக்குப் போனாள். முக்காலியை இழுத்துக் காலை வைத்தாள். சமையலறையில் அண்ணனும் தங்கையும், சிவந்துவிட்டதா இல்லையா என்று வாதாடுவது கொஞ்ச நேரம் காதில் விழுந்தது. பிறகு விழவில்லை.

போன் அடித்தபோது ஊசி ஓடிவந்து எடுத்தாள். சின்னண்ணி.

"அக்கா இல்லையா? மரம் ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லலாம்னு கூப்பிட்டேன். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம்..."

"தூங்குறாங்க."

"பகல்லயா? அவங்களா?"

ஊசி திரும்பிப் பார்த்தாள். அண்ணியின் வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கை மடியில் மல்லாந்து கிடந்தது.

"ஆமா, பகல்லதான்."

"உடம்பு சரியில்லையா?"

"கை சரியில்லை. சாயங்காலம் கூப்பிட்டு விவரமா சொல்றேன்" என்றாள் ஊசி, குரலைத் தாழ்த்தி. "தைலம் மட்டும் அனுப்பிடாதீங்க."