பேரணாம்பட்டுக் கல்யாணமும் என் கடைவாய்ப்பல்லும்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்ஷனுக்கு நான் சூப்பர்வைசர். பெயர் அன்பரசன். மீசை பெரியது, குரல் அதைவிடப் பெரியது. லைனில் யாராவது தலைவலி என்றால், "அதெல்லாம் மனசுல இருக்குது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற ஆள். அப்படிப்பட்ட எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே வலது கடைவாயில் வலி பிடித்துக்கொண்டது.

சர்ச்சுக்குக் கிளம்பிய என் மனைவி கிறிஸ்டினா என் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"கன்னம் வீங்கிக் கெடக்குதுங்க. யாராவது டாக்டரப் பாருங்க."

"சின்ன வலிதான். நீ போய்ட்டு வா."

அவள் தெருமுனை திரும்பும்வரை சிரித்த முகத்தோடு நின்றேன். பிறகு உள்ளே போய் ஃப்ரிட்ஜ் கதவில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் துடைக்கவும் இல்லை.

செல்போனில் 'பக்கத்தில் பல் டாக்டர்' என்று தேடினேன். முதலில் வந்த கிளினிக் இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும் என்றது. வண்டியை எடுத்துக்கொண்டு போனால், ஷட்டர் மூடியிருந்தது. படியில் ஒரு நாய் படுத்திருந்தது. அது என்னைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. இரண்டாவது கிளினிக் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே. அதுவும் பூட்டு. படியிறங்கும்போது வந்த வாசனைக்கு வாயில் எச்சில் ஊறியது. எச்சில் ஊறினாலே வலித்தது.

மூன்றாவது கிளினிக்கும் பூட்டு. பலகையில் இருந்த நம்பரை அழைத்தேன். ஒரு பெண் எடுத்தார். பின்னால் ஒரே சத்தம்.

"ஹல்லோ... ஃபல்லு..."

"தண்ணி கேன்காரரா? இன்னும் பாதி கேன் வரல. சாப்பாடு ஆரம்பிச்சாச்சு, இன்னாங்க நீங்க?"

"இல்ல மேடம். ஃபல்லு வழி."

"வழி தெரியலயா? பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நேரா வாங்க."

நான் தெருவிலேயே நின்று, இடது பக்க வாயை மட்டும் அசைத்து, ஒவ்வொரு எழுத்தாக "ப, ல், வ, லி" என்றேன். அந்தப் பக்கம் குரல் மாறியது.

"பேஷன்டா? காய்ச்சல் இருக்குதா? வாய் நல்லா தொறக்க முடியுதா? எச்சில் முழுங்க முடியுதா?"

காய்ச்சல் இல்லை, மற்ற இரண்டும் முடிகிறது என்றேன்.

"அப்ப பயப்பட வேணாம். நான் டாக்டர் ஜஹீருன்னிசா. ஆம்பூர்ல புதன்கிழமை மட்டும்தான் இருப்பேன். இப்ப பேரணாம்பட்டுல தம்பி கல்யாணம். இங்க என் இன்னொரு கிளினிக் மண்டபத்துக்குப் பின்தெருதான். வந்தீங்கன்னா பாக்கறேன்."

ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இதற்குமேல் வண்டி ஓட்ட முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் அதை விட்டுவிட்டு பேரணாம்பட்டு பஸ் ஏறினேன். ஒவ்வொரு வேகத்தடையும் பல்லுக்குள் ஏறி இறங்கியது. பல்லைப் பிடுங்குவார்கள், ஊசி போடுவார்கள், தாடையைக் கூட அறுக்கலாம் என்று யோசனை ஓடியது. அந்தக் கலக்கத்தில் கம்பெனி வாட்ஸாப் குழுவில் ஒரு செய்தி போட்டேன். 'அவசர ஆபரேஷனுக்குப் போகிறேன். நாளை லைனை முனியம்மா பார்த்துக்கொள்ளவும்.' அனுப்பியதும் செல்போனை அணைத்துவிட்டேன். கடைசி நேரத்தில் ஆறுதல்களைத் தாங்கும் சக்தி எனக்கு இல்லை.

டாக்டர் ஜரிகைப் புடவைமேல் பச்சை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கிளினிக்கைத் திறந்தார். நாற்காலியில் சாய்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு "ஆ" என்று முனகினேன்.

"சார், நான் இன்னும் லைட்டே போடல."

அப்புறம் போட்டார். கண்ணாடியை வைத்துப் பார்த்தார். எதையோ மெல்ல நெம்பினார். சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான்.

"நேத்து இன்னா சாப்டீங்க? பாப்கார்னா?"

சினிமா தியேட்டரில் ஒரு பெரிய டப்பாவை நான் மட்டுமே காலி செய்திருந்தேன். தலையை ஆட்டினேன்.

பஞ்சின்மேல் வைத்துக் காட்டினார். சோளத்தின் மஞ்சள் தோல். சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை.

"ஈறுக்குள்ள போய் ஒட்டிக்கிச்சு. பல்லு நல்லாத்தான் இருக்குது."

"பிடுங்க வேணாமா?"

"எத பிடுங்கறது?"

என் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். ஈறைக் கழுவி மருந்து வைத்துவிட்டு, "வந்தது நல்லதுதான். விட்டிருந்தா சீழ் வெச்சிருக்கும்" என்றார். என் கௌரவத்துக்குக் கிடைத்த ஒரே மருந்து அதுதான். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். மண்டபத்துக்கு அழைத்துப் போய், பிரியாணிப் பந்தியைத் தாண்டி ஒரு ஓரத்தில் உட்காரவைத்து, வெறும் தயிர்சாதம் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

பாதி சாதத்தில்தான் செல்போன் ஞாபகம் வந்தது. போட்டதும் கிறிஸ்டினா.

"ஆபரேஷன்னு முனியம்மா போன் பண்ணாங்க. எந்த ஆஸ்பத்திரிங்க? நான் இப்பவே கெளம்பறேன்."

"வேணாம். முடிஞ்சிருச்சு."

"இன்னா எடுத்தாங்க?"

"ஒரு சோளத்தோல்."

"எவ்ளோ பெருசு?"

"பெருசுதான்" என்றேன்.

சாயந்திரம் முனியம்மாவும் லைனில் இன்னும் நாலு பேரும் ஆப்பிள் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவசரமாகத் துண்டால் தாடையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தேன்.

"எத்தினி தையல் சார்?" என்று முனியம்மா மெதுவாகக் கேட்டாள்.

நான் கூரையைப் பார்த்தேன். கிறிஸ்டினா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், பாப்கார்ன் டப்பாவின் அளவு உட்பட. என் முகத்துக்கு நேராக யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். அவன் தோள் குலுங்கியது.

கிறிஸ்டினா ஆப்பிளை நறுக்கி எடுத்துவந்தாள். நான் கையை நீட்டினேன். முனியம்மா தட்டை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"உங்களுக்கு வேணாம் சார். தோலோட இருக்குது."