மாதா காலடியில் என் மாத்திரை

வீங்கிப்போன என் முகத்தைப் பார்த்து அருள் வழிகிறது என்று சொன்னவர் மார்ட்டின் சார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறவர். எங்கள் தெரு அன்பியத்துக்குத் தலைவரும் அவர்தான்.

வீட்டுக்கு வீடு முறைவைத்துக் கூடி ஜெபம் சொல்வதுதான் அன்பியம். போன வருடம் அந்தக் கூட்டங்களில் நான் சிலுவை அடையாளம் போடவில்லை. போட முடியவில்லை. காலையில் எழுந்தால் கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் இறுகிக் கிடக்கும். கை நெஞ்சைத் தாண்டாது. "மார்கரெட்டுக்கு விசுவாசம் கம்மியாயிடுச்சு" என்று பேசிக்கொண்டார்கள். உன் தலையை யார் வாரிவிடுகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

சேலத்து டாக்டர்தான் நோய்க்குப் பெயர் சொன்னார், பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்று. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். அந்த வாரமே கை நெற்றிக்குப் போய்விட்டது. கூடவே மற்றதும் வந்தது. முகம் பூசணிக்காய் ஆனது. சர்க்கரை ஏறியது. சாப்பிட்டுக் கை கழுவும்போதே மறுபடி பசிக்கிறது. இரவில் தூக்கம் கிடையாது. பகலில் ஒரு சொம்புத் தண்ணீர் தூக்கினாலே களைத்துப்போகிறேன். கோபத்துக்கு மட்டும் களைப்பே இல்லை.

அன்பியத்துக்கு இதெல்லாம் எதற்கு? அவர்கள் ஜெபித்தார்கள், என் கை எழும்பியது. அற்புதம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் எங்கள் வீட்டில். நற்கருணை அப்பம் வாங்க வெறும் வயிற்றோடு போனதால், சாப்பிட்டுவிட்டுப் போடவேண்டிய அன்றைய மாத்திரையை நான் இன்னும் போடவில்லை. பக்கத்து வீட்டு ஜெஸி கல்வராயன் மலைத் தேன் ஒரு பாட்டில் நீட்டினாள். "தெனம் ரெண்டு ஸ்பூன் சாப்புடுங்கக்கா, ஒடம்பு தேறும்." என் சர்க்கரைக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு கிடையாது.

ஜெபம் முடிந்ததும் மார்ட்டின் சார் ஆரம்பித்தார். "மாதா கொணமாக்குனத எல்லாருக்கும் சாட்சி சொல்லுங்கக்கா. சொல்லிட்டு அந்த மாத்திரைய மாதா காலடியில வெச்சிடுங்க. இனிமே அது இன்னாத்துக்கு?"

"திடீர்னு நிறுத்துனா உசுருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு சார். கொஞ்சம் கொஞ்சமாத்தான் கம்மி பண்ணணும்."

அதற்குள் என் கணவர் தைரியநாதன் ஃப்ரிட்ஜ் மேலிருந்த மாத்திரை அட்டையை எடுத்துவந்து மாதா சுரூபத்தின் முன்னால் வைத்துவிட்டார். நாலு பேர் வந்துவிட்டால் போதும், அவருக்கு விசுவாசம் பொங்கிவிடும். எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட ஆத்திரம் அதிகமாக இருந்தது. சுவரைப் பிடித்துப் பாயிலிருந்து எழுந்தேன். குணமானவளுக்கு யார் கை கொடுப்பார்கள்? முழந்தாளிடப் போகிறேன் என்று நினைத்துப் பாட்டெடுத்தார்கள். நான் அவர்களுக்கு வைத்திருந்த சுண்டலில் ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மாத்திரையைப் பிதுக்கி விழுங்கினேன். மீதி அட்டையை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். பாட்டு நின்றது.

"இன்னாக்கா இது, மாதா மேல நம்பிக்கை இல்லியா?" என்றார் மார்ட்டின் சார்.

"இருக்குது சார். உங்க மேலதான் இல்ல. எனக்கு முடியல. டீ நீங்களே போட்டுக்குங்க."

நடு வீட்டில், அத்தனை பேருக்கும் நடுவே, பாயில் படுத்துவிட்டேன். வெட்கமே வரவில்லை. அப்படியொரு நிம்மதி.

தைரியநாதன் என் காதருகே குனிந்தார். "ஏய், எழுந்திரு. எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க."

"பாக்கட்டும். இத்தினி நாளு பாக்காததத்தான் பாக்குறாங்க."