அடி வெட்டிய வைரவர்

வரதராசா ஒரு சாமிப் படத்தின் காலடியை வெட்டியதை நிரோஜினி அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள்.

பாரிசின் லா சப்பலில் அவருடைய கடைக்குப் பதினாறு வயது. படங்களுக்குப் பிறேம் போட்டுக் கொடுப்பது தொழில். கலியாணப் படமென்றால் மாப்பிள்ளையின் பெரியப்பாவைக்கூடக் கூசாமல் வெட்டி எறிவார். சாமிப் படத்தில் மட்டும் கத்தி வைக்கமாட்டார். பீடம் குறைந்தால் வீட்டுக்கு ஆகாதாம். அப்படிப்பட்ட மனிதர், கனடாவிலிருந்து தம்பி அரியநாயகம் தன் பண்ணையில் வைத்துக் கும்பிடும் வைரவர் கல்லைப் படமெடுத்து அனுப்ப, அதைச் சொந்தங்களுக்குக் கொடுக்க முப்பது பிரதி எடுத்து, முப்பதிலும் அடியில் நாலு விரல் அகலம் வெட்டியிருந்தார்.

"ஏனப்பா வெட்டினனீங்கள்?"

"சிமெந்து தெரியுது. வடிவில்லை."

"எப்ப தொட்டு உங்களுக்குச் சிமெந்து வடிவில்லாமல் போனது?"

"உன்ரை படிப்பை இஞ்சை காட்டாதை. போய் அந்தக் கண்ணாடியளைத் துடை."

சொல்லிக்கொண்டே கணினித் திரையை மெல்லச் சுவர்ப்பக்கம் திருப்பினார். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

வீட்டில் முதல் பட்டதாரி அவள். மகள் என்ன படிக்கிறாள் என்று ஆரும் கேட்டால் "சரித்திரம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார் வரதராசா. யாருடைய சரித்திரம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கனடாவின் ஒன்ராறியோவில் சித்தப்பா பண்ணை வாங்கிய வட்டாரம்தான் அவளுடைய ஆய்வு. 2012 கோடையில் அங்கே போனபோது, ஊர் முகப்பில் 'முதற் குடிகள்' என்று ஒரு பலகை நின்றது. ஐந்து பெயர், ஐந்தும் வெள்ளைக்காரர். பழைய கடதாசிகளைத் தோண்டினால், அவர்களுக்கு இருபது வருடம் முன்பே, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த கறுப்பினத்தவர்கள் அங்கே காடு வெட்டி விதைத்திருந்தார்கள். அரசாங்கம் நிலத்தை அளந்தபோது உறுதிப் பத்திரம் வேறு ஆட்களின் பெயருக்குப் போனது. ஒரு பாதிரியாரின் நாட்குறிப்பில் அவர்களுடைய பதினெட்டுச் சாவுகள் பெயரோடு இருந்தன. கல்லறைகள் எங்கே என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

பேராசிரியை ஜெனவியேவ் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "ஒரு கல்லையாவது காட்டு. இல்லையென்றால் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடு."

அப்பா தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்துக் குப்பை வாளியைக் கவிழ்த்தாள். வெட்டிய துண்டுகள் கிடந்தன. எண்ணெய் ஊறிய கல்லின் அடி. சந்தனத்துக்குக் கீழே எழுத்துகள்: புரூடன்ஸ், வயது ஒன்பது, 1851. நாட்குறிப்பில் ஏழாவது பெயர். அந்தக் கல்லைத் தாங்கிய பீடத்தில் இன்னும் மூன்று கற்கள் சிமெந்தில் பதிந்திருந்தன. அவற்றிலும் எழுத்து.

'பின்காணிப் பக்கம் போகாதை பிள்ளை, உண்ணி கடிக்கும்' என்று சித்தப்பா அந்தக் கோடை முழுக்க மறித்தது இப்போதுதான் வேறு விதமாகக் காதில் கேட்டது.

வரதராசா திரும்பி வரும்போது அவள் ஒலிபெருக்கியில் போட்டுக் கனடாவுக்கு அழைத்திருந்தாள்.

"சித்தப்பா, உங்கடை வைரவர் ஒரு பிள்ளையின்ரை கல்லறைக் கல்லு."

"விசர்க்கதை கதையாதை. கனவிலை வந்தவரடி. வடைமாலை சாத்தின பிறகுதான் சித்திக்கே சுகம் வந்தது."

"எழுத்தைப் பாக்கேல்லையோ?"

"பாத்தனான். உபயம் குடுத்தவற்றை பேராக்கும் எண்டு நினைச்சன். எங்கடை கோயில் படியிலை வெட்டுறேல்லையே?"

"ஒன்பது வயசிலை உபயமோ? சரி, அது தெரியாமல் செய்தது. மற்ற மூண்டும்?"

சித்தப்பா அவளை விட்டுவிட்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணை அங்கை நிக்கிறாரோ? அண்ணை, உவள் எழுதினாளெண்டால் என்ரை காணி போச்சு. விடியக் கல்லுகளைக் கிளப்பிக் குளத்துக்கை போடுறன். நீங்கள் படத்தை அழியுங்கோ."

தொடர்பு அறுந்தது.

"முழுப் படத்தைத் தாங்கோ அப்பா."

"அழிச்சாச்சு."

"பொய்."

"உனக்கு ஆர் அந்தச் சனம்? உன்ரை சித்தப்பன்ரை வாயிலை மண்ணைப் போடவோ நான் படிப்பிச்சனான்?"

நிரோஜினி கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த படத்தைக் கழற்றினாள். வன்னியில் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லத்தில் மாமா ஜனகனின் கல்லறைக் கல். 2009க்குப் பிறகு அந்த இடத்தில் கல்லில்லை, இராணுவம் இடித்துத் தள்ளிவிட்டது. மிஞ்சியது இந்தப் படம்தான். அதில் வரதராசா ஒரு நூல் அகலம்கூட வெட்டியதில்லை. வெட்டுமேசையில் அதைக் கிடத்திப் பக்கத்தில் கத்தியை வைத்தாள்.

"இதிலையும் அடியிலை சிமெந்து தெரியுது. வெட்டுங்கோ."

வரதராசா கத்தியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அறைவாரோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அவர் போய்த் திரையைத் தன் பக்கம் திருப்பினார். அச்சு இயந்திரம் முனகி முழுப் படத்தையும் கக்கியது.

"என்ரை பேரும் தம்பியின்ரை பேரும் வரக்குடாது."

முழுப் படத்தைப் பேராசிரியைக்கு அனுப்பும்போது அடியில் எழுதினாள்: 'புரூடன்ஸின் கல். படம் எடுத்தவர்: அரியநாயகம், 2014. அச்சிட்டவர்: வரதராசா.' தோளுக்குப் பின்னால் நின்று அவர் வாசித்தது அவளுக்குத் தெரியும்.

"நான் சொன்னது கேக்கேல்லையோ?"

"கேட்டது."

அனுப்பிவிட்டாள்.

தொலைபேசி அடித்தது. கனடா இலக்கம். வரதராசா ஜனகனின் படத்தைத் திரும்பச் சுவரில் மாட்டி, நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை.