சுத்தபோசனம்

1.

இந்தக் கதை எனக்கு முதலில் மணமாகத்தான் வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம், கொக்குவிலில் எங்கள் ஒழுங்கைத் தெரு முழுக்க மீன்குழம்பு மணம். யார் வீடென்று பார்க்க வேலியருகே போனேன். (போகாமல் இருக்க முடியுமா? எழுதுகிறவளுக்கு வேலி ஒரு வசதி.)

2.

நல்ல தொடக்கம் ஒன்று முயன்றேன்: ‘1991ஆம் ஆண்டு, இடம்பெயர்ந்த மக்கள் அலையலையாக—’

வேண்டாம், பேப்பர்ச் செய்தி மாதிரி இருக்கிறது. நேரே சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் பாதிப்பேர் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டார்கள். மயிலிட்டிக் கடற்கரைப் பக்கமிருந்து சண்டைக்குப் பயந்து ஓடிவந்த சனம் வீடு தேடி அலைந்தது. சனம் கூடக் கூட வாடகையும் ஏறியது. மாட்டுக்கொட்டிலுக்கு வெள்ளையடித்து ‘அனெக்ஸ்’ என்றவரும் இங்கே இருக்கிறார். (பெயர் சொல்லமாட்டேன். அவர் வீட்டு மதில் பச்சை.)

பத்மாவதி அக்கா அப்படியில்லை. கனடாவிலிருக்கும் தம்பியின் வீட்டை மயிலிட்டிப் பெர்னடெட்டுக்கும் மீன்பிடிக்கிற புருசன் சிமியோனுக்கும் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார். அதுவரை அவர்கள் பிள்ளைகளோடு பள்ளிக்கூட மண்டபத்தில் சேலையைச் சுவராகக் கட்டிக் கிடந்தவர்கள். அக்கா போட்டது ஒரேயொரு நிபந்தனை.

“வெள்ளிக்கிழமையிலை சுத்தமாய் இருக்கவேணும், பிள்ளை. சாமியறை உள்ள வீடு.”

“அதிலை பிழை விடமாட்டம், அக்கா. வெள்ளியெண்டால் எங்களுக்கும் சுத்தபோசனம்தான்.”

அக்கா பூரித்துப்போனார். கிறிஸ்தவ வேதக்காரர் என்றாலும் என்ன ஆசாரம் என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

[* இரண்டு பக்கமும் தெரியாதவர்களுக்கு: கத்தோலிக்கருக்குச் சுத்தபோசனம் என்றால் இறைச்சி விலக்கு, மீன் சாப்பிடலாம். சைவக்காரருக்கு வெள்ளியில் முட்டைகூட ஆகாது.]

3.

பெர்னடெட்டை ‘அப்பாவிப் பெண்’ என்று எழுதி அழித்தேன். சந்தைக்காரிகளே அவளிடம் விலை பேசத் தயங்குவார்கள். ஆனால் அந்த மீன்குழம்பு வெள்ளிக்கிழமை அவள் நடிக்கவில்லை. அதை நான் வேலிக்குள்ளால் பார்த்தேன்.

பத்மாவதி அக்கா வாசற் படலையடியில் நின்றார். “என்ன பிள்ளை உது?”

“மீன், அக்கா. சுத்தபோசனம்.”

“மீனோ சுத்தம்?”

“இறைச்சி ஒரு துண்டும் இல்லை. வந்து சட்டியைப் பாருங்கோ.”

“சட்டியைப் பாக்கவோ என்னைக் கூப்பிடுறாய்?”

சிமியோன் உதவி செய்வதாக நினைத்து உள்ளேயிருந்து சொன்னான்: “நல்ல ஓரா மீன், அக்கா. கொண்டுவரேக்கையும் துடிச்சது.”

அது உதவவில்லை.

பச்சை மதில்காரர் சைக்கிளை நிப்பாட்டினார். “இரட்டை வாடகைக்கு ஆள் இருக்கு, பத்மாவதி. சுத்த சைவம்.”

4.

முடிவுகள்.

(அ) அக்கா ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துச் சிரிக்கிறார். (அவர் இதை வாசித்தால் எனக்குக் கிணற்றடியில் இடமில்லை.)

(ஆ) அடுத்த வெள்ளி தொடக்கம் மரக்கறி. நியாயம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் மீன், சிமியோன் பிடித்தால் சும்மா வருகிறது. கத்தரிக்காயைக் காசு கொடுத்து வாங்கவேண்டும்.

(இ) மறுபடியும் பள்ளிக்கூட மண்டபத்தில் பெர்னடெட் தன் சேலையை—

எழுதக் கை வரவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: பெர்னடெட் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் படலைக்கு வந்தாள்.

“அக்கா, நாங்கள் சாமானைக் கட்டவோ?”

அக்கா பச்சை மதில்காரரைப் பார்த்தார். பிறகு பெர்னடெட்டைப் பார்த்தார்.

என்ன எழுதினாலும் இவர்களில் ஒருத்தி என்னோடு கதைக்கமாட்டாள். நீங்கள் வெளியார், நாளைக்கு யாருடைய முகத்திலும் முழிக்கத் தேவையில்லை. அக்கா வாயைத் திறந்துவிட்டார். வார்த்தையை நீங்கள் போடுங்கள்.